நுங்கு வண்டி சொல்லித்தரும் பாடம்: லீவில் குழந்தைகளோடு செய்ய ஐந்து பொருட்கள்

ஏப்ரல், மே வந்தாச்சு. பரீட்சை முடிஞ்சு புத்தகப்பை பரண் ஏறியாச்சு. இனி வீட்டில் தினமும் பத்து முறை கேட்கப்போகிற வசனம் ஒன்றுதான்: "அம்மா, போர் அடிக்குது!"

செல்போனைக் கையில் கொடுத்தால் சத்தம் அடங்கிவிடும். ஆனால் ரெண்டு மாசத்தையும் அப்படியே ஓட்ட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் பல பெற்றோர் கைவேலைப் பக்கம் திரும்புகிறார்கள். நல்ல விஷயம்தான். வீட்டில் கிடக்கும் பழைய பொருளில் ஏதாவது செய்யலாம் என்று தேடினால் வீடியோக்கள் கொட்டுகின்றன. பாட்டிலை வெட்டு, பெயின்ட் அடி, கிளிட்டர் தூவு, முத்து ஒட்டு, பூ ஜாடி ரெடி! பார்க்க அழகாகத்தான் இருக்கும். ரெண்டு வாரம் டிவி பக்கத்தில் நிற்கும், தூசி படியும். அப்புறம் நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போகும்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், இந்த லீவில் எதைச் செய்யலாம், எதைச் செய்யாமல் விடலாம் என்பது தெளிவாகிவிடும்.

ஒட்டினால் என்ன ஆகும்?

ஒரு காலி தண்ணீர் பாட்டில் குப்பை இல்லை. பழைய பேப்பர் கடையில் அதற்கு விலை உண்டு. சுத்தமாகப் போனால் அது நொறுக்கப்பட்டு, உருக்கப்பட்டு, பாலியஸ்டர் இழையாகக்கூட மாறும். செய்தித்தாளும் அப்படித்தான். தண்ணீரில் ஊறி, கூழாகி, மறுபடி காகிதமோ அட்டையோ ஆகிவிடும்.

அதே பாட்டில் மேல் பெயின்ட், பசை, துணி, முத்து எல்லாம் ஏறிவிட்டால் கடைக்காரர் வாங்கத் தயங்குவார். எது பிளாஸ்டிக், எது துணி என்று பிரித்தெடுக்க யாருக்கும் நேரம் கிடையாது. கிளிட்டர் என்பதே பெரும்பாலும் பொடிப்பொடியான பிளாஸ்டிக்தான். அது ஒட்டிய காகிதத்தை மறுசுழற்சிக்கு அனுப்புவதும் கஷ்டம். மறுசுழற்சிக்குப் போயிருக்க வேண்டிய பொருள் கடைசியில் குப்பைக் கிடங்குக்குப் போய்ச் சேரும். நாம் செய்தது மறுபயன்பாடு என்று நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையில் ஒரு நல்ல பொருளைப் பயனில்லாமல் ஆக்கியிருப்போம்.

அதற்காகக் கைவேலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிச் செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

நுங்கு வண்டியிடம் கேளுங்கள்

தமிழ் மரபில் ஆறு பெரும்பொழுதுகள். அதில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். வேம்பு பூக்கும், சரக்கொன்றை மஞ்சளாய்த் தொங்கும், தெருவோரம் நுங்கு குவியும். நுங்கைத் தின்றுவிட்டுக் கோந்தையைத் தூக்கிப் போடாமல் நம் ஊர்ப் பிள்ளைகள் காலங்காலமாகச் செய்துவந்ததுதான் நுங்கு வண்டி.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த வண்டிக்குக் கடையில் எதுவும் வாங்கவில்லை. பசை இல்லை, ஆணி இல்லை. நாள் முழுக்க ஓட்டலாம். காய்ந்து உடைந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும். இதிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கைவேலையை ஆரம்பிக்கும் முன்பும் குழந்தையோடு சேர்ந்து இவற்றைக் கேளுங்கள்.

1. தேவையானது எல்லாம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதா?
2. செய்து முடித்த பிறகு அதனால் ஒரு வேலையோ விளையாட்டோ நடக்குமா?
3. வேலை முடிந்ததும் அதைப் பிரிக்க முடியுமா, அல்லது முழுசாக மக்கிவிடுமா?

மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் தாராளமாகச் செய்யலாம். அப்படித் தேறியவை இதோ ஐந்து.

1. நுங்கு வண்டி

நுங்கைச் சுளையாக பிளாஸ்டிக் கவரில் வாங்காதீர்கள். சீவிய காயாகவே வாங்கிக் கட்டைவிரலால் நோண்டித் தின்னச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு அதுவே பாதி கொண்டாட்டம்.

தேவை: ஒரே அளவில் இரண்டு காலிக் கோந்தை, ஒன்றரைச் சாண் நீளத்தில் ஒரு உறுதியான குச்சி, நுனியில் இரண்டாகப் பிரியும் நீளமான கவட்டைக் குச்சி ஒன்று.

செய்முறை: சின்னக் குச்சியின் இரண்டு முனைகளையும் பெரியவர்கள் கூராகச் சீவிக் கொடுங்கள். கோந்தையின் நடுமையத்தில் குச்சியைக் குத்தி ஏற்றுங்கள். மறுமுனையில் இன்னொரு கோந்தை. இப்போது அச்சாணியும் இரண்டு சக்கரமும் தயார். கவட்டைக் குச்சியின் பிளந்த பக்கத்தை அச்சாணி மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். வண்டி ஒரு பக்கமாகவே இழுத்தால் குத்தியது மையத்தில் இல்லை என்று அர்த்தம். அதை நீங்கள் சொல்லாதீர்கள், குழந்தையே கண்டுபிடிக்கட்டும். அதைவிட நல்ல அறிவியல் பாடம் இல்லை.

வெயில் தாழ்ந்த பிறகு ஓட்டச் சொல்லுங்கள்.

2. செய்தித்தாள் நாற்றுத்தொட்டி

தேவை: பழைய செய்தித்தாள், ஒரு எவர்சில்வர் டம்ளர், மண், மக்கிய உரம், விதை.

செய்முறை: ஒரு முழுத்தாளை நீளவாக்கில் மூன்றாகக் கிழியுங்கள். ஒரு துண்டை டம்ளரைச் சுற்றிச் சுருட்டுங்கள். டம்ளரின் அடிப்பக்கத்துக்கு வெளியே மூன்று விரற்கடை தாள் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த நீட்டலை நாலா பக்கமும் உள்ளே மடித்து, டம்ளரைத் தரையில் வைத்து நன்றாக அழுத்துங்கள். டம்ளரை மெல்ல உருவிவிட்டால் குட்டித் தொட்டி கிடைக்கும். பசையே வேண்டாம். மண்ணும் உரமும் சம அளவில் நிரப்பினால் தொட்டி தானாக நிற்கும். பளபளப்பான வார இதழ்த் தாள் இதற்கு ஒத்துவராது, சீக்கிரம் ஊறாது.

என்ன விதைக்கலாம்? சமையலறையிலேயே இருக்கிறது. வெந்தயம் மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும், பொறுமை இல்லாத குட்டிகளுக்கு அதுதான் சரி. நன்றாகப் பழுத்த தக்காளியின் விதை முளைக்க ஒரு வாரம்போல ஆகும். செண்டுமல்லிப் பூ காய்ந்தால், அதன் காம்புப் பக்கம் கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய குச்சிபோல் இருப்பவைதான் விதை.

சித்திரை வெயில் நாற்றுக்கு ஆகாது. காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்துத் தண்ணீரைத் தெளித்துவிடுங்கள், ஊற்ற வேண்டாம். நாலைந்து இலை விட்டதும் காகிதத் தொட்டியோடு சேர்த்தே பெரிய தொட்டியிலோ தரையிலோ நடலாம். அடிக்காகிதத்தை மட்டும் லேசாகக் கிழித்துவிடுங்கள், வேர் இறங்க வசதியாக இருக்கும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்கள். இப்போது பழகிய கை, ஆடியில் அவரையும் சுரையும் போடத் தயாராக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: செய்தித்தாளில் பையோ கூம்போ செய்தால் அதில் வடை, பஜ்ஜி, சுண்டல் எதையும் வைத்துக் கொடுக்காதீர்கள். அச்சு மையில் உடலுக்கு ஆகாத ரசாயனங்கள் இருக்கலாம் என்பதால், செய்தித்தாளில் உணவைப் பொதியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே அறிவுறுத்தியிருக்கிறது.

3. கொட்டாங்குச்சித் தண்ணீர்க் கிண்ணம்

வெயிலில் குருவியும் மைனாவும் அணிலும் தண்ணீருக்கு அலையும். அவற்றுக்கு ஒரு வாய் தண்ணீர் வைக்க, தேங்காய் துருவிய பிறகு மிஞ்சும் கொட்டாங்குச்சி போதும்.

தேவை: கண் இல்லாத பாதிக் கொட்டாங்குச்சி இரண்டு மூன்று, பழைய துணி, கூழாங்கல். கண் இருக்கும் பாதி வேண்டாம், அந்த வழியாகத் தண்ணீர் கசியும்.

செய்முறை: கொட்டாங்குச்சியின் வெளிப்பக்கத்து நாரைக் குழந்தையை விட்டுப் பிய்த்தெடுக்கச் சொல்லுங்கள். அடி உருண்டையாக இருப்பதால் தனியாக நிற்காது. அதற்குத்தான் சும்மாடு. பழைய துணியை முறுக்கி வளையமாகச் சுற்றி முனையைச் செருகினால் சும்மாடு ரெடி. அதன் மேல் கொட்டாங்குச்சியை உட்கார வைத்து, உள்ளே ஒரு கூழாங்கல் போடுங்கள். காற்றில் கவிழாது. தேனீ வந்து உட்காரவும் இடம் கிடைக்கும். பால்கனியிலோ மொட்டை மாடியிலோ நிழலான இடத்தில் வையுங்கள். பூனை எட்டாத உயரம் நல்லது.

இப்போது ரொம்ப முக்கியமான விஷயம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது சாக்கடையில் இல்லை. இப்படித் தேங்கி நிற்கும் தெளிந்த தண்ணீரில்தான். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றிப்போனாலும் அந்த முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். அதனால்:

• தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். கிண்ணம் சின்னது, வெயிலில் சீக்கிரம் வற்றும். மதியம் இன்னொரு முறை பார்க்கவும்.
• வாரம் ஒரு நாள் உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே அலசினால் முட்டை போகாது.
• ஊருக்குப் போகிறீர்களா? கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கோடை மழை ஒன்று பெய்தால் போதும், நிரம்பிவிடும்.

இந்தப் பொறுப்பைக் குழந்தையிடமே ஒப்படையுங்கள். "குருவிக்குத் தண்ணி மாத்தினியா?" என்று நீங்கள் கேட்டால் போதும். ரெண்டு மாசத்தில் அது பழக்கமாகிவிடும்.

4. வேட்டித் துணியில் சரக்கொன்றைச் சரம்

அழகுக்கு ஒன்றுகூட வேண்டாமா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கம் சித்திரை விசுக் கனியில் கொன்றைப்பூ வைக்கும் வழக்கம் உண்டு. அந்த மஞ்சள் சரத்தை வாசலில் தொங்கவிடலாம்.

தேவை: கிழிந்த வெள்ளைப் பருத்தி வேட்டி அல்லது துண்டு, மஞ்சள்தூள், நூல், ஊசி.

செய்முறை: அரை லிட்டர் சுடுதண்ணீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் கரையுங்கள். சூட்டுத் தண்ணீர் வேலை பெரியவர்களுடையது. ஆறிய பிறகு துணியை முக்கி அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். காய்ந்ததும் ஐந்து இதழ்ப் பூக்களாக வெட்டுங்கள். கொன்றைப்பூவுக்கு ஐந்து இதழ்தான், பக்கத்துத் தெருவில் பூத்திருந்தால் ஒன்றை எடுத்து வந்து எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பூக்களை நடுவில் குத்தி நூலில் கோத்து, ஒவ்வொரு பூவுக்குக் கீழும் ஒரு முடிச்சுப் போட்டால் சரம்.

மிஞ்சிய மஞ்சள் துணியில் ஒரு வேடிக்கை காட்டலாம். அதன் மேல் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் சிவப்பாகும். அதே இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளுக்கே திரும்பிவிடும். சோப்பு காரம், எலுமிச்சை அமிலம், இரண்டையும் மஞ்சள் காட்டிக்கொடுக்கிறது. ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதே கதைதான், அங்கே காரம் சுண்ணாம்பு. ஆனால் சுண்ணாம்பைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து.

மஞ்சள் சாயம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். வெளுத்தால் என்ன? நூலை உருவிவிட்டு, அந்தத் துணியால் ஜன்னல் துடைக்கலாம்.

5. பழைய டி-ஷர்ட்டில் மஞ்சப்பை

2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் கைப்பை, கப், உறிஞ்சுகுழல், தெர்மாகோல் தட்டு எல்லாம் அதில் அடக்கம். துணிபோலவே தெரியும் நெய்யாத பிளாஸ்டிக் பையும் அதே பட்டியலில்தான். துணிப்பைப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தைச் சில சந்தைகளில் பார்த்திருப்பீர்கள். வீட்டிலேயே செய்தால் அந்தப் பத்து ரூபாயும் மிச்சம்.

தேவை: சின்னதாகிப்போன பருத்தி டி-ஷர்ட், கத்தரிக்கோல். தையல் மெஷின் வேண்டாம்.

செய்முறை: இரண்டு கைகளையும் தையலோடு வெட்டி எடுங்கள். கழுத்துப் பகுதியை அகலமாக அரைவட்டத்தில் வெட்டுங்கள். மேலே மிஞ்சும் தோள்பட்டைகள்தான் பையின் கைப்பிடி. டி-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். அடிப்பக்கத்தை, முன்னும் பின்னும் சேர்த்து, நாலு விரற்கடை உயரத்துக்கு, இரண்டு விரல் அகல நாடாக்களாக வெட்டுங்கள். முன்பக்க நாடாவையும் அதற்கு நேர் பின்பக்க நாடாவையும் இரட்டை முடிச்சுப் போடுங்கள். எல்லாம் முடிந்ததும், பக்கத்துப் பக்கத்து முடிச்சுகளை ஒன்றோடொன்று கட்டுங்கள். அப்போதுதான் இடைவெளி அடைபடும், எலுமிச்சைப்பழம் நழுவாது. திருப்பிப்போட்டால் பை தயார்.

அடுத்த முறை மார்க்கெட் போகும்போது அந்தப் பையைக் குழந்தையே எடுத்து வரட்டும். தான் செய்த பையில் கத்தரிக்காய் வருவதைப் பார்க்கிற பிள்ளை, கடைக்காரரிடம் "கவர் வேணாம் அண்ணே" என்று நமக்கு முன்னால் சொல்லும்.

செய்யாமல் விடுவதே நல்லது

பால் கவர்: பாலுக்கான உறை மேலே சொன்ன தடையில் வராது. ஆனால் மூலையை வெட்டும்போது துண்டாக வெட்டி எறிந்துவிடாதீர்கள். கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி மட்டும் வெட்டுங்கள். அந்தக் குட்டித் துண்டு தனியாகப் போனால் யாராலும் பொறுக்க முடியாது. கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்து எடைக்குப் போடலாம். அதில் பொம்மை செய்வதைவிட அதுதான் உருப்படியான வழி.

தெர்மாகோல்: வெட்டும்போது உதிரும் உருண்டைகள் காற்றில் பறந்து சாக்கடை வரை போகும். டிவி பெட்டியோடு வந்ததை உடைக்காமல் முழுசாகவே உலர் குப்பையில் கொடுத்துவிடுங்கள். எந்தக் காரணத்துக்கும் எரிக்காதீர்கள்.

கைவேலைக்காகப் புதிதாக வாங்கும் பிளாஸ்டிக் பூ, மினுமினுப்பு டேப், கிளிட்டர்: முதல் கேள்வியிலேயே இவை தோற்றுவிடும்.

குழந்தைகள் தொடவே கூடாதவை

பூச்சிமருந்து டப்பா, ஆசிட், பினாயில் பாட்டில், கொசுவிரட்டி திரவக் குப்பி, பெயின்ட் டப்பா, பழைய மாத்திரை அட்டை, ஊசி, பேட்டரி, டியூப்லைட், சி.எஃப்.எல். பல்பு. டியூப்லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் பாதரசம் இருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் பூச்சிமருந்து பாட்டில் விளையாட்டுப் பொருள் ஆகாது.

மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை வீட்டில் இருந்தால் பொத்தான், மணி, விதை எதையும் தரையில் சிதற விடாதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ரிமோட், கைக்கடிகாரத்தில் வரும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அவசர ஊர்திக்கு 108.

வேலையை வயது பார்த்துப் பிரியுங்கள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் கிழிக்கட்டும், சுருட்டட்டும், மண் நிரப்பட்டும். ஆறு முதல் ஒன்பது வயதுக்கு மழுங்கிய முனைக் கத்தரிக்கோல் தரலாம். ஊசி நூல் பத்து வயதுக்கு மேல், அதுவும் பக்கத்தில் நீங்கள் இருக்கும்போது.

லீவு முடிந்ததும் எது எங்கே போகும்?

ஜூனில் பள்ளி திறக்கும் முன்பு செய்ததை எல்லாம் முற்றத்தில் பரப்பி, குழந்தையையே பிரிக்கச் சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டுக் குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்று சொன்னவைதான். அந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

• நுங்குக் கோந்தை, காகிதத் தொட்டி, உடைந்த கொட்டாங்குச்சி: இவை மக்கும். தோட்டம் இருந்தால் மண்ணுக்கு, இல்லையென்றால் மக்கும் குப்பைக்கு.
• வெளுத்த துணிச்சரம், சும்மாட்டுத் துணி: வீடு துடைக்க. நைந்த பிறகு உலர் குப்பைக்கு.
• பால் கவர், பாட்டில், அட்டை: கழுவி, காயவைத்து, எடைக்கு அல்லது உலர் குப்பைக்கு.
• பேட்டரி, பல்பு, மாத்திரை, பூச்சிமருந்து டப்பா: மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியாக.
• டி-ஷர்ட் மஞ்சப்பை: எங்கேயும் போக வேண்டாம், கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள்.

நகரங்களில் வீடு தேடி வரும் தூய்மைப் பணியாளரிடமும், கிராமங்களில் தூய்மைக் காவலரிடமும் இவற்றைத் தனித்தனியாகக் கொடுங்கள். கலந்து கொடுத்தால் அவர்கள் வெறும் கையால் கிளற வேண்டியிருக்கும், உடைந்த பல்பு அந்தக் கையைத்தான் கிழிக்கும். உங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வரவில்லை என்றால் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் சொல்லுங்கள். சென்னை மாநகராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் 1913 என்ற எண்ணை அழைக்கலாம்.

இன்றைக்கே ஆரம்பிக்க எது சுலபம் என்று கேட்டால், காகிதத் தொட்டிதான். நேற்றைய செய்தித்தாள், ஒரு டம்ளர், ஒரு சிட்டிகை வெந்தயம். சாயங்காலம் விதையுங்கள், ஒரு வாரத்துக்குள் "முளைச்சிருச்சு!" என்ற சத்தம் வீட்டில் கேட்கும்.